பன்னிரண்டு பேருக்குப் பெரட்டு

"லெட்சுமி... வந்தாச்சு. பிரியந்தி... வந்தாச்சு. சின்னப்பொண்ணு... வந்தாச்சு."

காலை ஆறரை மணிக்கு அம்மாக்கண்ணு தன் வீட்டுக் கூரையைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஏறும் மேட்டுப்பாதையில் நின்றால் கூரை இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். கையில் கொப்பி, காதில் பென்சில். கூரையில் மல்லாந்து கிடக்கும் பன்னிரண்டு சோலர் தகடுகளும் வாயைத் திறப்பதில்லை என்பதால் 'வந்தாச்சு' என்பதையும் அவரே சொல்லிக்கொள்கிறார். பன்னிரண்டாவது பெயருக்கு மட்டும் குரல் உயரும். "ராக்காயி! ஏய், ராக்காயி!"

மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நிஜ ராக்காயி பல் துலக்கிக்கொண்டே பதில் கொடுப்பார். "வந்துட்டேன்டி! விடிஞ்சும் விடியாம எம்பேர ஏலம் போடாத!"

பன்னிரண்டும் அம்மாக்கண்ணுவோடு கொழுந்து பறித்த பெண்களின் பெயர்கள். கடைசித் தகட்டின் மேல் பக்கத்து வீட்டுப் பட்டர்ஃபுரூட் மரத்தின் நிழல் ஒன்பது மணிவரை விழுவதால் அதற்கு ராக்காயி என்று பெயர். "அவ எந்தக் காலத்துல நேரத்துக்கு மலைக்கு வந்தா?" என்கிறார் அம்மாக்கண்ணு.

முப்பத்தேழு வருசம் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் காலைப் பெரட்டுக்களத்தில் நின்று தன் பெயரை யாரோ கூப்பிடக் கேட்டவர் அவர். இப்போது வயது ஐம்பத்தேழு. கூப்பிடும் வேலை கைக்கு வந்ததில் அவருக்கு இருக்கும் குஷியை மறைக்க அவர் கொஞ்சமும் முயல்வதில்லை. நான் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர். அலாரம் வைப்பதை நிறுத்தி ஒரு வருசம் ஆகிறது.

தகடுகள் வந்த கதையும் ஒரு கணக்கில்தான் தொடங்கியது. ஓய்வு பெற்றபோது இ.பி.எஃப்., சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சமும் சில்லறையும் வந்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடும் அதே காலத்தில் கிடைத்தது. கண்டியிலிருந்து வந்த கம்பெனிக்காரர் ஒருவர் வரைபடம், வட்டம், அம்புக்குறி எல்லாம் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். அம்மாக்கண்ணுவுக்கு ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் அவர், "ஒரு நாளைக்குச் சராசரியா பதினெட்டு யூனிட் வரும் அம்மா" என்றார். அம்மாக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினெட்டு! தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேரு, அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேரு. "பதினெட்டுன்னா நமக்குத் தெரிஞ்ச கணக்குத்தானே டீச்சர்? இதுகளும் நம்மள மாதிரி வேல செய்யிற சாதிதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று பிற்பாடு எனக்கு விளக்கினார். ஒன்பது லட்சத்தையும் எடுத்துக் கூரையில் போட்டுவிட்டார். வீட்டுக்குத் தேவையானது போக மிச்ச மின்சாரம் லைனில் ஏறி விலைபோகும். எல்லாவற்றையும் யூனிட்டுக்கு இருபது ரூபாய் என்று கணக்கிட்டால் ஏழு வருசத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்பது கம்பெனிக்காரர் சொன்ன வாக்கு.

மருமகள் சர்மிளாவுக்கு அந்த வாக்கில் நம்பிக்கை இல்லை. "பேங்குல போட்டிருந்தா வட்டியும் வந்திருக்கும், மொதலும் இருந்திருக்கும்ல அத்தை" என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மாக்கண்ணு கேட்கவில்லை. "வட்டி எங்க முளைக்குதுன்னு எனக்குக் கண்ணுல தெரியுமா? எனக்கென்ன பென்சனா வருது? காசு திரும்பினதுக்கு அப்புறம் இந்தப் பன்னெண்டு பேருந்தான் எனக்குப் பென்சன்" என்றார்.

சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. அன்று எத்தனை யூனிட் வந்தது என்று அது காட்டும். சாயந்தரம் ஒரு தரம் பார்த்தால் போதும். அம்மாக்கண்ணு பத்து மணி, ஒரு மணி, நாலு மணி என்று மூன்று தரம் பார்க்கிறார். கொழுந்து நிறுப்பது மூன்று வேளை அல்லவா? ஒரு மணிக்குப் பார்த்துவிட்டு, "இப்பவே பன்னெண்டு! அடி என் தங்கங்களா!" என்று கத்துவதைக் கேட்டு பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாசி மாதம் ஒரு நாள் இருபத்தொன்று தாண்டியபோது அயல் முழுவதற்கும் சீனிபோட்ட தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைத்தது.

மற்றபடி அவர் கண்டிப்பான ஆள் இல்லை. பதினேழே முக்கால் வந்தாலும் கொப்பியில் ஒரு பேரு போட்டுவிடுவார். ஆடி மாதத்தில் மிஸ்ட் இறங்கி, ஐந்து யூனிட்டோடு பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நாட்களிலும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. "மழை நாள்ல கொழுந்து ஈரம்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க எங்களுக்கு. கூடையில தண்ணிய நாங்களா ஊத்தினோம்? நான் அந்த மாதிரி நிறுக்குற கண்டாக்கு இல்ல டீச்சர்."

இந்தச் சந்தோசத்துக்கு ஒரே எதிரி நஸார். பூண்டுலோயா டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். டோர்ச், மெழுகுவர்த்தி, ஜெனரேட்டர் எல்லாம் விற்பவருக்குச் சூரியன் மேல் கொஞ்சம் மனத்தாங்கல் இருப்பது இயற்கை. அதிலும் கரண்டு போனால் அம்மாக்கண்ணுவின் சோலரும் சேர்ந்து நின்றுவிடும் என்று தெரிந்த நாளில் அவர் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. மெழுகுவர்த்தி வாங்கப் போன அம்மாக்கண்ணுவிடம், "என்னா அக்கா, பன்னெண்டு பேரும் சேர்ந்து ஒரு விளக்கு ஏத்த மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பேச்சு வளர்ந்தது. இந்த மிஸ்டில் பத்து வருசம் போனாலும் போட்ட காசு திரும்பாது என்றார் நஸார். திரும்பும் என்றார் அம்மாக்கண்ணு. முதல் வருசக் கணக்கை வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. பத்து வருசத்துக்குள் முதல் வரும் என்று கணக்குக் காட்டினால் நஸார் தன் கடைக் கூரையிலும் பன்னிரண்டு போடுவார். இல்லாவிட்டால் அம்மாக்கண்ணு கடைவாசலில் நின்று, "நஸார் நானா சொன்னதுதான் சரி" என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். "பந்தயம் எங்களுக்கு ஹராம், இது சும்மா பேச்சு" என்று நஸார் இரண்டு தரம் சொல்லிக்கொண்டார்.

சித்திரையில் வருசம் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாக்கண்ணு கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். புதுப்புடவை. தலையில் பூ. சர்மிளாவும் கூட வந்தாள். நான் கல்குலேட்டரைத் தட்டினேன். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு யூனிட். எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஒன்பது லட்சத்தை அதனால் வகுத்தேன்.

பத்து வருசமும் மூன்று மாதமும்.

மூன்றே மாதம்! அம்மாக்கண்ணு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "நான் பேசாம பேங்குலயே போட்டிருக்கலாமோ டீச்சர்?" என்று அவர் கேட்ட குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. முப்பத்தேழு வருசக் கூலி அந்தக் கூரையில் கிடக்கிறது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை மறைக்கத்தான் கொப்பியை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஆறு நாளுக்கும் பிறகு ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'லீவு' என்று கொட்டை எழுத்தில்.

"இது என்னாங்க?"

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம வெயில் அடிக்கலையா?"

"அடிக்குது. நான்தான் சனிக்கெழம நாலு மணி நிறுவை முடிஞ்சதும் சுவிச்ச எறக்கி வச்சிருவேனே. திங்கக்கெழம பெரட்டுக்குத்தான் திரும்ப ஏத்துவேன்."

"ஏன்?"

அம்மாக்கண்ணு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம யாரு டீச்சர் வேல செய்வா?"

நான் சர்மிளாவைப் பார்த்தேன். "கம்பெனிக்காரங்கதான் அப்படிச் செய்யச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள் அவள். ஏதும் பழுதென்றால் இறக்கச் சொல்லிக் காட்டிக்கொடுத்த சுவிட்சை, வருசத்தின் ஐம்பத்திரண்டு ஞாயிறும் இறக்கி வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சர்மிளா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மற்ற நாட்களின் சராசரியான பதினாலு யூனிட் வீதம் அந்த ஐம்பத்திரண்டு நாளையும் சேர்த்துப் போட்டேன். எழுநூற்று இருபத்தெட்டு யூனிட் கூடுகிறது. எட்டு வருசமும் பத்து மாதமும்! "ஜெயிச்சிட்டீங்க!" என்று கத்தினேன்.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. கொப்பியை வாங்கி அந்தச் சிவப்புக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "எங்களுக்குன்னு அந்த ஒரு நாள்தான டீச்சர் இருந்துச்சு" என்றார்.

ஆனாலும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொப்பியோடு டவுனுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பள்ளி இல்லாததால் நானும் போனேன். இந்த வேடிக்கையை யார் விடுவார்கள்? நஸார் சிவப்புக் கோட்டின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு கல்லாப்பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் என்ன, என்ன என்று விசாரித்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். கடைசியில் நஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அக்கா. இனி ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு விடுறதா இருந்தா ஒத்துக்கிறேன், என் கூரையில நாளைக்கே அளவெடுக்கலாம். விடலன்னா பத்து வருசத்துக்கு மேலதான். அப்ப அந்த வார்த்தைய இப்பவே இங்க நின்னு சொல்லிருங்க" என்றார்.

இரண்டு பக்கமும் பிடிபட்டுவிட்டார் அம்மாக்கண்ணு. கொப்பியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில வந்து பாருங்க, நானா" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நஸாரின் திரீவீலர் மேட்டுப்பாதையில் நின்றது. ராக்காயி லயத்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வானத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை. இப்படிப்பட்ட வெயிலைக் கண்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே துள்ளலாக இருந்தது.

அம்மாக்கண்ணு பெட்டியடியில் போய் நின்றார். கை சுவிட்சுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. சட்டென்று மேலே தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. நஸார் கையைத் தட்டினார். "சரி அக்கா, நான் போட்டாக வேண்டியதுதான்" என்று தோல்வியை அவ்வளவு சந்தோசமாக ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அம்மாக்கண்ணு வீட்டுக்குள் போய்த் தன் பழைய படங்கோடு வெளியே வந்தார். பறிக்கும்போது செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. கரையெல்லாம் கொழுந்துக் கறை. மேட்டுப்பாதையில் ஏறினார்.

"என்னா அக்கா செய்யப் போறீங்க?"

"பதினொரு பேரு வேலைக்கு. ஒருத்திக்கு லீவு. அடுத்த கெழம அடுத்தவளுக்கு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஞாயிறுக்கு ஒரு யூனிட் சொச்சம் குறையும். எட்டு வருசமும் பதினொரு மாதமும். அதை வாய்விட்டும் சொன்னேன். "ஒரு மாசந்தானே, பிந்தினா பிந்தட்டும்" என்றார் அம்மாக்கண்ணு.

நஸாருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "அப்ப அந்தக் கடைசியில கெடக்குறத மூடுங்க. அது எப்படியும் மர நிழல்லதான் இருக்கு, நட்டம் கம்மி." மேலிருந்து ராக்காயியும் ஆமோதித்தார். "ஆமாடி, எனக்கே குடு!"

அம்மாக்கண்ணு கூரையில் கிடந்த ராக்காயியைத் தாண்டி நடந்தார். வரிசையின் அந்தக் கோடியில், வெயில் முதலில் விழுந்து கடைசியில் போகும் இடத்தில் கிடந்த லெட்சுமியின் முன்னால் நின்றார். படங்கை உதறி விரித்துப் போர்த்தினார். நாலு மூலையிலும் கல் வைத்தார். காற்றில் எழும்பிய ஓரத்தை உள்ளே செருகிவிட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.