ஆடி முடியட்டும் என்றோம்

பால் காய்ச்சுவதற்காக வாங்கிய எவர்சில்வர் பானை ஒன்று பல மாதங்களாக என் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கடை ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை.

"சும்மாதானே கிடக்கு, எடுத்து சோறு வடி லா" என்று என் வீட்டுக்காரர் நாலைந்து முறை சொல்லிவிட்டார்.

முடியாது. அது இன்னொருத்தர் வீட்டில் பொங்க வேண்டிய பானை. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி தாசேக் கெலுகோருக்குப் போனேன். போன கையோடு திரும்பக் கொண்டுவந்தும் விட்டேன்.

ஏன்? அதைச் சொல்ல அந்தக் காற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? தீவில் எங்களுக்குக் கொடியில் காய்ந்த துணி போனதோடு சரி. அந்தக் கரையில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருந்த கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளுக்குக் கூரையே போய்விட்டது. மாரியப்பன் அண்ணன், லெட்சுமி அக்கா தம்பதியின் பலகை வீட்டின் மேல் ஒரு மரமே சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, இரண்டு பேரும் அப்போது பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கோயில் பணிக்குழு அந்த வீட்டைக் கட்டிக்கொடுப்பது என்று முடிவானது. ஒரு கொத்தனாரை வைத்துக்கொண்டு, எடுபிடி வேலையெல்லாம் நாங்கள். ஞாயிறு தோறும் வேனில் பாலம் தாண்டிப் போவோம்.

வாராவாரம் இதைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஜென்மம். பாலத்தில் காற்றடித்தால் பயம். இடிபாட்டில் பாம்பு இருக்குமோ, ஆணி குத்துமோ, எலி மூத்திரத்தில் நோய் வருமோ... எல்லாருக்கும் சேர்த்து நானே கவலைப்பட்டேன்.

லெட்சுமி அக்காவுக்கு அது நல்ல வேடிக்கை. எதிர்வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை அதிகாரம் பண்ணிக்கொண்டிருப்பார்.

"வந்துட்டா பயந்தாங்கொள்ளி! இன்னிக்கு எதுக்குப் பயம்? பாம்பா, கரண்டா?"

"ரெண்டுக்கும்தான்கா."

"அப்ப அந்தப் பக்கமா நின்னு பயப்படு. சிமெண்டு காயல, மிதிச்சிடாத."

அப்போது அவர்கள் பட்டர்வொர்த்தில், அண்ணனுடைய தங்கை ஃபிளாட்டில் தங்கியிருந்தார்கள். "என் நாத்தனா நல்லவதான். ஆனா அவ அடுப்பு, அவ கரண்டி, அவ உப்பு. நான் டிவி பாக்குறேன்" என்பார் அக்கா. புது வீட்டில் அவர் கேட்டது இரண்டே விஷயம். சமையலறை ஜன்னல் ரம்புத்தான் மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சிங்க் தன் உயரத்துக்கு இருக்க வேண்டும். அக்கா ரொம்பக் குள்ளம். ஊரார் சிங்கில் எட்டி எட்டிக் கழுவியே தோள் போய்விட்டதாம்.

கொத்தனார் அவரைச் சுவரோரம் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டார். மாரியப்பன் அண்ணன் நல்ல உயரம். கோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல நான் கழுவணும்னா முட்டிதான் போடணும்."

"நீங்க என்னிக்குக் கழுவினீங்க?"

வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தோம்.

ஆனி முடிவதற்குள் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று ஓடினோம். மழை விடவில்லை. கூரைத் தகரம் ஏற்றி, பெயிண்ட் அடித்து நிமிர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

பணிக்குழுத் தலைவர் கணேசன் அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "என்ன செய்யலாம்? இப்பவே குடுத்திரலாமா, ஆவணி வரைக்கும் பாப்பமா?"

யார் முதலில் வாயைத் திறந்திருப்பார்கள்?

"ஆடில யாராவது குடி போவாங்களாண்ணே? நாளைக்கு அந்த வீட்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கோயில்காரங்க குடிவச்ச நேரம்னு நம்மளத்தானே சொல்லுவாங்க?"

என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் விடாமல் படித்தது நாள்காட்டியைத்தான் — ராகு காலம், எமகண்டம், கரிநாள். அதனால் இந்த மாதிரி விஷயத்தில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. பயமும் ஒட்டுவாரொட்டிதானே! நான் சொல்லி முடிப்பதற்குள் ஆடியில் குடிபோய்க் கெட்டவர் கதை ஆளுக்கொன்று கிளம்பிவிட்டது.

லெட்சுமி அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடியா? என் கூரையப் பிடுங்கிட்டுப் போச்சே, அந்தக் காத்து நல்ல நாள் பாத்துட்டா வந்துச்சு?"

அதற்கும் சிரித்தோம். மாரியப்பன் அண்ணன்தான் அவரை அடக்கினார். "விடு லெட்சுமி. அவங்க கட்டிக் குடுக்குறாங்க. அவங்க சொல்றபடி கேட்டுக்குவோம்."

சாவி கோயில் ஆபீஸ் மேஜைக்குள் போனது. ஆவணியில் நல்ல நாள் பார்த்து, ஐயரைச் சொல்லி, நான் பானையும் வாங்கி வைத்தேன்.

ஆடி பாதிகூடத் தாண்டவில்லை. நாத்தனார் வீட்டில் காலையில் கோப்பி கலக்கப் போன லெட்சுமி அக்கா, அந்த அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார்கள்.

மாரியப்பன் அண்ணன் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவளக் கொஞ்ச நேரம் நம்ம வீட்டுல வச்சு எடுத்துட்டுப் போலாமா?"

"பால் காய்ச்சாத வீடாச்சே... முதல் முதல்ல பொணத்தையா கொண்டு போறது?" என்று யாரோ இழுத்தார்கள். இந்த முறை அது நானில்லை. அதில் எனக்கு ஒரு நொடி நிம்மதி வேறு! ஆனால் 'கொண்டு போங்கண்ணே' என்று சொல்லவும் நா எழவில்லை. ஃபிளாட்டின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, அங்கிருந்தே எடுத்தார்கள். தன் உயரத்துக்குக் கட்டிய சிங்கில் அக்கா ஒரு தடவைகூடக் கை கழுவவில்லை.

சில நாள் கழித்து மாரியப்பன் அண்ணன் கோயிலுக்கு வந்தார். தீட்டு என்பதால் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அப்போதும் எங்கள் முறையை அவர் மீறவில்லை. கணேசன் அண்ணன் வெளியே போய், "துக்கம் நடந்துருச்சு, இனிமே ஒரு வருஷம் கழிச்சுத்தான்..." என்று தொடங்கினார். மாரியப்பன் அண்ணன் கையை மட்டும் நீட்டினார்.

கணேசன் அண்ணன் உள்ளே வந்து, சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கையில் வைத்தார்.

அன்றைக்கும் ஆடிதான்.

நான் இப்போது யோசிப்பது இதைத்தான். அவர்கள் சொந்தக் காசில் கட்டியிருந்தால், "நீ யாருடி எனக்கு நாள் குறிக்க?" என்று லெட்சுமி அக்கா கேட்டிருப்பார். கேட்கக்கூடிய ஆள்தான். நாங்கள் கட்டிக்கொடுத்ததால் கேட்க முடியவில்லை. வீட்டைக் கொடுக்கும்போதே அவருடைய வாயை வாங்கிக்கொண்டுவிட்டோம். சாமி பேரைச் சொல்லித்தான் செய்தோம்... ஆனால் ஆடி முடியட்டும் என்று சாமியா சொன்னது? நான் சொன்னது.

போன ஞாயிறு பானையோடு அந்த வாசலில் தயங்கி நின்றேன்.

"உள்ள வாம்மா" என்றார் மாரியப்பன் அண்ணன். "இன்னிக்கு நாள் எப்படின்னு நான் பாக்கல."

எனக்கு வேண்டியதுதான்.

கோப்பி கொடுத்தார். ஜன்னல் வழியாக ரம்புத்தான் மரம் தெரிந்தது. குடித்து முடித்ததும் அந்தச் சிங்கின் முன்னால் பாதியாக மடிந்து நின்று கப்பைக் கழுவினார். பார்க்க முடியவில்லை.

"கொத்தனாரக் கூப்பிட்டு கொஞ்சம் ஒசத்திக் கட்டச் சொல்லட்டுமாண்ணே?"

"வேணாம்மா. என்னிக்குக் கழுவினீங்கன்னு கேட்டாள்ல? பாக்கட்டும்."

நான் பானையை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தார்.

"எனக்கு எதுக்கு இது? அடுத்து கட்டுற வீட்டுக்குக் குடு. ஆனா வீடு முடிஞ்ச அன்னிக்கே குடு."

அடுத்த வீடு அதே சாலையில்தான், சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. மழையைப் பார்த்தால் மார்கழியில்தான் முடியும் போல என்கிறார் கணேசன் அண்ணன். மார்கழியிலும் யாரும் குடி போகமாட்டார்கள். எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

பானையின் ஸ்டிக்கரை நேற்றே பிரித்துவிட்டேன்.