நாலு மணிக்கு வரும் போன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. பட்டவள் இன்னும் இருக்கிறாள். அவள் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்கு வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, புதிதாக ஓட்டுபவர்கள் தடுமாறும்போதெல்லாம் பிரேக்கை மிதிப்பாள். 'பிரேக் டீச்சர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. வார்டு சிஸ்டர் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?" என்று கேட்பார். அம்மா கண்ணை மூடித் திறந்த பிறகுதான் தொடுவார். வீட்டுக்கு அனுப்பும்போது, "தினமும் போன் பண்ணி விசாரிப்போம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் டீச்சருக்கு இடுப்பு ஒடிந்தது. திருப்ப வேண்டும், துடைக்க வேண்டும், ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட வேண்டும். துணி துவைத்து நிமிர்வதற்குள் அடுத்த துணி. கண்ணை மூடினால் விழுந்துவிடுவாள் போலிருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது.

"அம்மா தண்ணி குடிச்சாங்களா?"

மெல்லிய பெண் குரல். வார்டு சிஸ்டரின் குரல் இல்லை. வேறு யாரோ சிஸ்டர் என்று நினைத்துக்கொண்டாள்.

"குடிச்சாங்க சிஸ்டர்."

"நீ சாப்பிட்டியா?"

டீச்சரை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அன்றிலிருந்து தினமும் நாலு மணி. அதே குரல்.

"இடது குதிகாலைப் பாரு. சிவந்திருக்கும்."

போர்வையை விலக்கினாள். சிவந்திருந்தது.

"தலையணையைக் கொஞ்சம் இறக்கு."

அவள் அப்போதுதான் அதை உயர்த்தி வைத்திருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. போனில் ஆஸ்பத்திரி இரைச்சல் எதுவும் கேட்காது. மூச்சுச் சத்தம் மட்டும்... கர்ர்... கர்ர்... அம்மாவின் மூச்சு. கட்டில் நாலடி தள்ளி இருந்தது. ஆனால் போனுக்குள் அந்த மூச்சு மிக அருகில் கேட்டது. யாரோ அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல.

பயந்திருக்க வேண்டும். பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் நல்ல மழை. நாலு மணிக்கே வீடு இருட்டிவிட்டது.

"இன்னிக்கு நீ தூங்கு," என்றது குரல். "நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் நினைவு.

விழித்தபோது தரையில் கிடந்தாள். உடம்பின் மேல் போர்வை. அவள் போர்த்தவில்லை.

அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார். புது விரிப்பு. தலை வாரியிருந்தது. நகங்கள் வெட்டியிருந்தன.

வாசல் கதவு... உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதோடு போன் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். வார்டு சிஸ்டரைத் தேடிப் பிடித்தாள்.

"தினமும் போன் பண்ணி விசாரிச்சாங்களே, அந்த சிஸ்டர் யாரு? நேர்ல ஒரு நன்றி சொல்லணும்."

"நான்தானே பண்ணேன்? தினமும் நாலு மணிக்கு. நீங்கதான் ஒரு நாளும் எடுக்கலை. உங்க அக்கா எடுத்தாங்க. என்ன பொறுமையா பதில் சொன்னாங்க தெரியுமா!"

"எனக்கு அக்கா கிடையாது, சிஸ்டர்."

சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"போனை உங்ககிட்ட குடுக்கச் சொன்னேனே... 'பாவம், அசந்து தூங்கறா, எழுப்பாதீங்க'ன்னாங்க."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "மழை பெஞ்ச அன்னிக்கா?"

சிஸ்டர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அன்னிக்கு மட்டும் இல்லம்மா. தினமும் அதையேதான் சொன்னாங்க."