வெளிச்சம் வீணாகிவிடும் என்றேன்

என் மேசை இழுப்பறையில் ஒரு பச்சைக் கண்ணாடி கிடக்கிறது. லேசர் வெளிச்சம் வைக்கும்போது நோயாளியின் கண்ணுக்கு மாட்டிவிடுவது. அதன் எலாஸ்டிக் பட்டை அறுந்த இடத்தில், வலை பின்னும் நைலான் நூலால் ஒரு முடிச்சு. அதைப் போட்டவர் உபதேசியார். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில், கோயிலிலும் சாவு வீடுகளிலும் முன்னால் நின்று ஜெபம் சொல்வது அவர் வேலை. மைக் இல்லாமலே அவர் குரல் அலைச் சத்தத்தை மீறிக் கேட்கும் என்று முதல் நாள் அவருடன் மருத்துவமனைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கூட வரவில்லை. மனைவி இறந்துவிட்டாள், மகன்கள் இருவரும் கல்ஃபில்.

நான் அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டதில் உபதேசியாரின் தாடை எலும்புக்குள் சீழ் பிடித்து, ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். புண் நன்றாக ஆறுவதற்கு வாரம் மூன்று நாள் லேசர் வெளிச்சம். அது மருந்துக்கு ஒரு துணை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து வாயைத் திறந்து பழக வேண்டும், பேச வேண்டும், இல்லையென்றால் தாடை இறுகிவிடும் என்றும் சொல்லியனுப்பினார்.

கதவைச் சாத்திய சின்ன அறை. எனக்கும் ஒரு பச்சைக் கண்ணாடி. நான் கருவியை அவர் கன்னத்தருகே பிடித்ததும் அவர் பேச ஆரம்பிப்பார். கருவி இடம் மாறிவிடும், வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள். எனக்குப் பொறுமை என்றைக்கும் குறைவுதான். ஒரு நாள், “பிள்ளே, ஒரு காரியம் சொல்லட்டா?” என்றார்.

“பேசப்பிடாது ஐயா. வாயைத் திறந்தா வச்ச வெளிச்சம் எல்லாம் வீணாப் போவும், பாத்துக்கிடுங்க” என்றேன். குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோலச் சும்மா சொன்னது.

அதன்பின் அவர் பேசவே இல்லை. நல்ல நோயாளி என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அந்த நாட்களில்தான் அவர் கண்ணாடியின் பட்டை அறுந்தது. அடுத்த முறை சட்டைப்பையில் நூல் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் முடிச்சுப் போட்டுத் தந்தார்.

புண் அழகாக ஆறியது. ஆனால் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது ஒரு விரல்கூட முழுதாக நுழையவில்லை.

“குச்சி வச்சுப் பழகுனியளா? யாருகிட்டயாவது பேசுனியளா?” என்று டாக்டர் சத்தம் போட்டார். உபதேசியார் என்னை ஒரு முறை பார்த்தார்.

“மறந்து போச்சு டாக்டரே.”

வெளியே வந்ததும், திறக்க முடியாத பல்லிடுக்கு வழியாக என்னிடம் சொன்னார்: “நீ சொன்னதுலருந்து நான் யாருட்டயும் வாய் திறக்கல்ல மக்கா. உன் வேலைக்குக் கேடு வரண்டாம்னுதான் அங்க சொல்லல்ல.”

நானும் டாக்டரிடம் சொல்லவில்லை. பயம்தான், வேறு காரணம் கிடையாது. குச்சி வைத்து மாதக்கணக்கில் பழகியதில் அவர் வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. பழைய குரலுக்கு அது போதவில்லை. ஊரில் ஒரு இளைஞன் மைக்குடன் அவர் இடத்துக்கு வந்தான். சில வருடங்கள் கழித்து உபதேசியார் இறந்த செய்தி கேட்டுப் போனேன். அந்த இளைஞன்தான் மைக்கில் ஜெபம் சொன்னான். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. அன்று அவர் சொல்ல வந்த காரியம் என்ன என்று நான் கடைசிவரை கேட்கவே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது புதுக் கருவி, புதுக் கண்ணாடிகள். எனக்கு ஒரு வாடகை அறை, சமைப்பதும் சாப்பிடுவதும் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை காலையில் இழுப்பறையைத் திறக்கும்போது அந்த முடிச்சு கையில் தட்டுப்படும். வெளிச்சம் வைத்து முடித்ததும், நோயாளியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இனி பேசுங்க” என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச ஆளில்லாமல் திறக்காத என் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு பெரும்பாலும் அதுதான்.