பதினோராவது கை

தாமசின் பெட்டிட் மேல் எப்போதும் மாட்டுக்கொழுப்பு வாடை அடிக்கும். முதலாம் எலிசபெத் ராணியின் கடைசி வருஷங்களில், சஃபோக் சீமையின் ஒரு நெசவூரில், அவளும் கணவன் ஹம்ப்ரியும் அந்தக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்த்துப் பிழைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹம்ப்ரி காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாளே அவள் கொப்பரையை அடுப்பில் ஏற்றினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

துணி வியாபாரி ஆம்புரோஸ் ஃபெல்தம் இரண்டு குளிர்காலம் தறிக்கூடம் முழுக்க அவர்கள் வத்தியைத்தான் எரித்தான். பாக்கி நாலு பவுண்டு. கேட்கப் போனவளிடம், "உன் புருஷன் கையிலயே கொடுத்துட்டேனே. அவன் யார் வீட்ல கொண்டுபோய்க் கொட்டினானோ" என்றான்.

பணம் வராவிட்டால் கடையைக் காலிசெய்ய வேண்டியதுதான். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அரித்தது. ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள்.

அந்த ஊர் வழக்கப்படி, ஃபெல்தம் கடனில்லை என்று சத்தியம் செய்து, அவன் சொல்லை நம்பலாம் என்று பதினோரு பேர் பைபிளில் கைவைத்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. சாட்சி, கணக்கு எதுவும் எடுபடாது. அவனிடம் கூலிக்கு நெய்கிறவர்களே பத்துப் பேர் வந்தார்கள். பதினோராவது ஆள் விடுதிக்காரன் கில்பர்ட் ரஸ்க். முந்தின நாள் அத்தனை பேருக்கும் ஃபெல்தம் விருந்து வைத்தது அவன் விடுதியில்தான்.

நீதிமன்றம் கூடுகிற சந்தைக்கூடத்துப் படிக்கட்டில் தாமசின் அவனை வழிமறித்தாள்.

"விருந்து பலமாமே, கில்பர்ட்டண்ணே?"

"வாத்து, ஆட்டுக்கறி, ரெண்டு பீப்பாய் பீர். ஒருத்தனாலயும் எழுந்திருக்க முடியல."

"காசு வந்துச்சா?"

"சத்தியம் முடியட்டும்னார்."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட வசந்தம் வரட்டும்னார். நாளைக்கு நீங்க வழக்குப் போட்டா, இதே பத்துப் பேரும் அவர் பக்கம் வந்து நிப்பாங்க. தின்ன வாயாச்சே."

ரஸ்க் படியேறி மேலே போனான்.

ஃபெல்தம் சத்தியம் செய்தான். ஒவ்வொருவராகப் பத்துப் பேர் கைவைத்தார்கள். ரஸ்க் மட்டும் கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். வழக்கை விசாரித்த மேயர் என்னவென்று கேட்டார்.

"இவர் சொல்லை நம்பலாம்னு நான் எப்படிங்க சொல்றது? நேத்துத் தின்ன கறிக்கே இன்னும் காசு வரல."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கைவைத்தவர்களே சிரித்தார்கள். ஃபெல்தம் அவசரமாகப் பணப்பையை அவிழ்த்தான். மேயர் முறைத்ததும் கட்டிக்கொண்டான். ஒரு கை குறைந்ததால் அவன் தோற்றான். ஹம்ப்ரி பெட்டிட்டுக்குச் சேரவேண்டிய கடன் இன்றுவரை தரப்படவில்லை, வழக்குச் செலவோடு தரவேண்டும் என்று எழுத்தர் தீர்ப்பை வாசித்தார்.

"இன்னொரு தரம் சத்தமா வாசிங்கய்யா," என்றாள் தாமசின். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் வாசித்தார். அவள் தலை நிமிர்ந்து கடைசிச் சொல்வரை கேட்டாள்.