குழிக்குள் தட்டும் சத்தம்

சேலத்துக்கு மேற்கே, இளம்பிள்ளை போகிற வழியில் இருந்த ஒரு நூல் ஆலையில் 1939-ஆம் வருடம் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. அந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். பழனியம்மாள் ஒருத்தி. ஆலை ஃபிட்டர் அப்புசாமி மற்றவர். பல வருடம் கழித்து, வேறு வேறு ஊர்களில் இருந்துகொண்டு இருவரும் இதைச் சொன்னார்கள். ஒரு சொல் கூட மாறவில்லை.

ஆலைக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பு. அங்குள்ள கக்கூசுகளின் கழிவெல்லாம் ஆழமான ஒரு குழியில் வந்து சேரும். எஞ்சின் அறையில் பம்பு ஓயாமல் ஓடி, பெரிய இரும்புத் தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்கும். குழி நிறைந்ததும் அடியிலுள்ள வால்வைத் திறந்தால் போதும். காற்றில்லாத அந்தத் தொட்டி அத்தனை கழிவையும் குழாய் வழியே சர்ரென்று இழுத்துக்கொள்ளும். குழிக்குள் ஒரு மிதவை உண்டு. அது ஏற ஏற, மேலே பலகையில் ஒரு முள் ஏறும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால், குழிக்கு மேலே இருக்கும் சக்கரத்தைத் திருப்பி வால்வைத் திறக்க வேண்டும். குழி காலியானதும் மூட வேண்டும்.

அந்த வேலையைப் பார்த்தவன் பழனியம்மாளின் புருஷன் அருணகிரி. மிதவையில் கந்தலும் நாரும் சிக்கும்போது அவனே இறங்கி எடுப்பான். கஞ்சி கொண்டுவரும் பழனியம்மாள் மேலே சக்கரத்தைப் பிடித்துக்கொள்வாள். கீழேயிருந்து ஸ்பானரால் குழாயைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் திற. இரண்டு தட்டு என்றால் மூடு.

ஐப்பசியில் அவள் மல்லசமுத்திரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது ஒருநாள் அவன் தனியாக இறங்கினான். உள்ளே விஷக்காற்று. ஏறி வரவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள்.

காரியம் முடிந்ததும் அந்த வேலையை ஆலை அவளுக்கே கொடுத்தது.

முதல் நாள். மதியச் சங்கு ஊதியது. முள் சிவப்பைத் தொட்டது. சக்கரத்தைப் பிடித்தாள். அதற்குள்...

டண்.

குழிக்குள்ளிருந்து.

கை தானாகத் திருப்பியது. சக்கரம் பஞ்சு போலச் சுழன்றது. முள் இறங்கியது. குழி காலியானதும்... டண். டண். மூடினாள்.

குழாய்ச் சத்தமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் கேட்டது. ஒருநாள் காய்ச்சலோடு தாமதமாக வந்தாள். முள் ஏற்கெனவே இறங்கியிருந்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள்.

அவள் எதையும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூட்டிவந்து விரட்டிவிடுவார்கள். மிச்சமிருந்த அந்தச் சத்தமும் போய்விடும். சங்கு ஊதும் முன்பே முகம் கழுவிக்கொண்டு வந்து, குழியோரம் உட்காரத் தொடங்கினாள்.

கார்த்திகையில் ஒரு மதியம். தூர்வார வந்தவர்கள் குழியின் இரும்பு மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, மழைக்கு ஒதுங்கப் போயிருந்தார்கள். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அந்த மூடி அசையும்.

அவள் குனிந்து பார்த்தாள். இருட்டு. நாற்றம்.

"ஏனுங்க..."

ஏறிக்கொண்டிருந்த முள் நின்றது.

"நீங்க இருக்கறீங்களா?"

டண்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்டியா இருக்க முடியலீங்க. நானும் வந்துரட்டுங்களா?"

மழை மட்டும்.

ஒரு காலை உள்ளே இரும்புப் படியில் வைத்தாள்.

டண். டண்.

அவள் கேட்கவில்லை. அடுத்த காலையும் வைத்தாள்.

டண் டண் டண் டண்... குழாயே உடைவது போல. இரும்புப் படி அதிர்ந்தது. உள்ளங்காலில் ஏதோ பட்டது.

ஜில்லென்று...

ஒரு கை.

மேலே தள்ளியது.

சேற்றில் விழுந்தாள். அவள் கண் முன்னே மூடி நகர்ந்தது. தானாக.

கிர்ர்ர்...

டம்.

சத்தம் கேட்டு எஞ்சின் அறையிலிருந்து ஓடிவந்த அப்புசாமியும் அதைப் பார்த்தார்.

மழை விட்டதும் ஆட்களைக் கூட்டிவந்து மூடியைத் திறந்தார். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"அம்மிணி, இத்தன நாளா வால்வ எப்பிடித் தொறந்த?"

"சக்கரத்தத் திருப்பித்தானுங்ணா."

"சக்கரத்துக்கும் வால்வுக்கும் நடுவுல ஒரு நீளக் கம்பி இருக்கோணும். அருணகிரியத் தூக்கறப்பக் குறுக்க நின்னுதுன்னு அதை அறுத்துட்டாங்க. திரும்ப வெக்கவே இல்ல." அவர் சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிக் காட்டினார். "நீ சுத்துனது வெறுஞ் சக்கரம்."

அப்படியானால் கீழே வால்வைத் திறந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் புதுக் கம்பி மாட்டினார்கள். சங்கு ஊதியது. முள் ஏறியது. தட்டும் சத்தம் வரவில்லை. சக்கரம் கனத்தது. இரண்டு கையாலும் முக்கித் திருப்பினாள். குழி காலியானது. அவள் மூடவில்லை. அந்த இரண்டு தட்டுக்காகக் காத்துக்கொண்டே நின்றாள். காற்று உஸ்ஸென்று குழாய்க்குள் பாய்ந்தது. அப்புசாமிதான் ஓடிவந்து மூடினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பிய எதுக்குங்ணா வெச்சீங்க?"