அறுபது பெரிசோ, எழுபது பெரிசோ?

லப்டொப் விக்கிறம் எண்டு வெளியிலை சொல்லிக்கொள்ளுறம். உண்மையிலை நாங்கள் விக்கிறது ஸ்டிக்கர்.

கேம் விளையாட லப்டொப் தேடி வாற ஆக்கள் மூடியைத் திறந்ததும் முதல் பாக்கிறது அதிலை ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைத்தான். கிராபிக்ஸ் காட்டின்ரை நம்பர் அதிலை இருக்கும். கேமைத் திரையிலை ஓட்டுறது அந்தக் காட்தான். முழு நம்பரை ஒருத்தரும் சொல்லமாட்டினம், கடைசி ரெண்டு எண்தான்: ஐம்பது, அறுபது, எழுபது. "எழுபது இருக்கோ?" எண்டு அரிசி கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு வருவினம்.

யாழ்ப்பாணம் டவுனிலை ஒரு கொம்பியூட்டர் கடையிலை, கேம் லப்டொப் மேசையிலை நிக்கிறவள் நான். கேம் விளையாடுறனான். நல்லாயும் விளையாடுவன். அதை ஒளிக்க எனக்கொரு தேவையும் இல்லை. உங்களிலை ஆரும் நாள் முழுக்க ஒரு கடையிலை நிண்டு, தெரிஞ்ச விசயத்தைத் தெரியாத ஆளிட்டைச் சொல்லி, அவர் உங்களை ஏற இறங்கப் பாத்திருந்தால் வாங்கோ, இதிலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. எங்கள் எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான்.

அண்ணைமார் இல்லையோ?

சாவகச்சேரியிலையிருந்து ஒரு ஐயா மகனோடை வந்தார். மகனுக்குக் கார் ஓட்டுற கேம் விளையாடவேணும்; தகப்பனிட்டைச் சொல்லி வைச்ச காரணம் படிப்பு. "வாங்கோ ஐயா" எண்டன். அவர் என்ரை தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்து, "அண்ணைமார் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?" எண்டார். அப்ப கடையிலை நிண்ட ஒரே ஆம்பிளை ரியாஸ் நானாதான். திருத்திற மேசையிலை இருந்து ஏதோ ஒண்டைக் கழட்டிக்கொண்டிருந்தார். நானா எந்த லப்டொப்பையும் பிரிச்சுப் பூட்டுவார். கேமைப் பற்றி அவருக்கு ஒரு இழவும் தெரியாது, அதை அவரே சொல்லுவார்.

ஐயா நேரை அவரிட்டைப் போய், "தம்பி, ஐம்பது நல்லதோ அறுபது நல்லதோ?" எண்டு கேட்டார். நானா என்னைத் திரும்பிப் பாத்து, "தங்கச்சி, ஐம்பதோ அறுபதோ?" எண்டார். நான் சொன்னன்: "கார் கேமுக்கு அறுபது. ஆனால் மெல்லிசு வேண்டாம், தடிச்சதா எடுக்கச் சொல்லுங்கோ. தடிச்சதிலைதான் காட்டுக்குக் கூடுதலா வாட், அதாவது கரண்ட், குடுத்திருக்கினம், சூடும் வெளியாலை போகும்." நானா ஐயாவிட்டைத் திரும்பி அதை ஒரு எழுத்தும் பிசகாமல் ஒப்புவிச்சார்.

இப்பிடி ஆறேழு கேள்வி. என்ரை வாயிலையிருந்து நானாவின்ரை வாய்க்கு, அங்கையிருந்து ஐயாவின்ரை காதுக்கு. மூண்டு பேரும் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள்ளைதான் நிண்டனாங்கள், பாருங்கோ. கடைசியிலை தடிச்ச அறுபது ஒண்டை வாங்கிக்கொண்டு வெளிக்கிடேக்கை, ஐயா நானாவின்ரை கையைப் பிடிச்சுச் சொன்னார்: "ஆம்பிளையள் விளங்கப்படுத்தினால்தான் தம்பி, இந்தச் சாமானெல்லாம் விளங்குது."

கனடா மாமா

அரியாலையிலையிருந்து வந்த ஒரு அம்மா, கனடாவிலை இருக்கிற தன்ரை தம்பியை வீடியோவிலை பிடிச்சு, போனை என்ரை முகத்துக்கு நேரை நீட்டினா. லப்டொப் அவவின்ரை மகனுக்கு. வாங்கிக் குடுக்கிறது மாமா, அதாலை தெரிவும் மாமாவின்ரைதான். "என்ரை பெடியன் வைச்சிருக்கிறதும் உதே அறுபதுதான், அது பறக்குது. நீர் என்ன, உது அவ்வளவுக்கு ஓடாது எண்டுறீர்?" எண்டார் மாமா.

"உங்கடை மகன் வைச்சிருக்கிறது மேசையிலை வைக்கிற பெரிய கொம்பியூட்டர், அண்ணை. அதுக்குள்ளை இருக்கிற அறுபது வேறை, லப்டொப்புக்குள்ளை இருக்கிற அறுபது வேறை. பேர்தான் ஒண்டு" எண்டன். "ஒரு வீட்டிலை ரெண்டு பிள்ளையளுக்கு ஒரே பேரை வைப்பினமோ?" எண்டு கேட்டார். "வைச்சிருக்கினம் அண்ணை, நான் என்ன செய்ய?" எண்டன். மாமா தலையைச் சொறிஞ்சார். எனக்குள்ளை ஒரு சந்தோசம், ஏன் பொய் சொல்லுவான்? ஆனால் அம்மா விடேல்லை. போனைப் பறிச்சு நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு சொன்னா: "அவன் அந்தக் குளிருக்கை நிண்டு உழைச்சு அனுப்புறவன் பிள்ளை, அவனுக்குத் தெரியாததே உமக்குத் தெரியப்போகுது?"

ஏழு எழுபது

எங்கடை கண்ணாடி அலுமாரிக்குள்ளை ஏழு லப்டொப் கிடந்தது. ஏழும் எழுபது. மெல்லிசு, வடிவு, ஒரு கையிலை தூக்கலாம். முதலாளி மொத்தமா வாங்கிப்போட்டது. அந்த மெல்லிசு உடம்புக்குள்ளை காட்டுக்குக் குடுத்திருக்கிற வாட், தடிச்ச அறுபதுக்குக் குடுத்ததிலை அரைவாசிகூட வராது. இதை ஸ்டிக்கரிலை போடமாட்டினம். குறிப்புத்தாளிலை, கடைசிப் பக்கத்திலை, எறும்பு எழுத்திலை கிடக்கும்.

வட்டுக்கோட்டையிலையிருந்து கஜன் எண்டு ஒருத்தர் வந்தார். வீடு வீடா வயரிங் வேலை செய்யிறவர். எழுபது வாங்கிறதெண்டு முடிவெடுத்துத்தான் வந்தவர். நான் மெல்லிசு எழுபதையும் தடிச்ச அறுபதையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு, ஒரே கேமை ரெண்டிலும் ஓடவிட்டன். முதல் ரெண்டு நிமிசம் எழுபது முன்னுக்குப் போச்சுது. "பாத்தீரே!" எண்டார். "பொறுங்கோ அண்ணை, சூடாகட்டும்" எண்டன். கால் மணித்தியாலத்திலை எழுபது மூச்சு வாங்கத் துவங்கிட்டுது, படம் விக்கி விக்கி ஓடுது. அறுபது அசையேல்லை. கஜனுக்கு வாட் விளங்கப்படுத்தத் தேவையிருக்கேல்லை. "நூறு வாட் பல்ப் எண்டு பெட்டியிலை போட்டுட்டு, உள்ளுக்கை நாப்பது வைச்ச கதை" எண்டு சொல்லிச் சிரிச்சார். அறுபதை வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாத்தையும் முதலாளி உள்ளுக்கு இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தவர். கஜன் போனதும் எழும்பி வந்து, அலுமாரியிலை விரலாலை தட்டிச் சொன்னார்: "எழுபது அறுபதைவிடப் பெரிசு பிள்ளை, நாலாம் வகுப்புப் படிக்கிறதுக்கும் அது தெரியும்."

காய்ச்சல் காட்

பேந்து அவர் முடிவாச் சொல்லிப்போட்டார். இந்த மாதம் முடியிறதுக்கிடையிலை ஏழும் அலுமாரியை விட்டுப் போகவேணும். போகாட்டி நான் கேம் மேசையை விட்டிட்டு, போன் கவர் தொங்கிற பக்கம் போகவேணும். போன் கவர் விக்கிறது குறைஞ்ச வேலை எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் இந்த மேசையிலை ஒரு பொம்பிளையை நிப்பாட்டச் சொல்லி அவரோடை ஒரு வருசம் மல்லுக்கட்டினவள் நான். அதை ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாத்தவோ? ஏலாது எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

அடுத்த நாள் காலமை வெள்ளைத் துண்டு வெட்டி, மேசையிலை இருந்த எல்லா லப்டொப்பிலும், அலுமாரிக்குள்ளை இருந்த ஏழிலும் ஒட்டினன். காட்டின்ரை வாட் எவ்வளவு, அரை மணித்தியாலம் விளையாடினால் சூடு எவ்வளவு, எல்லாம் என்ரை கையெழுத்திலை. அந்த ஏழிலும் கூட ஒரு வரி: "படிப்புக்கும் வீடியோ வெட்டி ஒட்டவும் நல்ல சாமான். பாரமான கேமுக்குச் சரிவராது." முதலாளி கண்டிட்டு ஏழையும் கிழிச்சார். நான் திரும்ப எழுதினன். அவர் திரும்பக் கிழிச்சார். மூண்டாந்தரம் நான் எழுதி ஒட்டேக்கை அவருக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு, எனக்கு ஓயேல்லை. பசை டப்பாவைப் பாத்தார், என்னைப் பாத்தார், பிறகு கத்தினார்: "இது கடை பிள்ளை, ஆஸ்பத்திரி இல்லை, கட்டில் கட்டிலாக் காய்ச்சல் காட் தொங்கவிட!"

மாதம் முடிஞ்சுது

அந்தத் துண்டைப் பாத்தே மூண்டு போச்சுது. கலியாண வீடியோ வெட்டுற ஒரு அக்கா ரெண்டு எடுத்தா, படிப்பிக்கிற ஒரு சேர் ஒண்டு எடுத்தார். "இப்பிடி எழுதி வைச்சால் எங்களுக்கு லேசு" எண்டு அந்த அக்கா சொன்னவ. ஆனால் நாலு மிஞ்சிட்டுது. முதலாளி சொன்ன சொல்லை மாத்தேல்லை. என்னைக் கவர் பக்கம் அனுப்பிட்டு, கேம் மேசையிலை தன்ரை மச்சானை நிப்பாட்டினார். அண்டைக்கு வீட்டை போய் அழுதன். கவலையிலை இல்லை, சரியான ஆத்திரத்திலை. அடுத்த நாள் விடிய எழும்பி, முகத்தைக் கழுவி, வடிவா உடுத்துக்கொண்டு கடைக்குப் போனன். ஒளிச்சிருக்க நான் என்ன களவெடுத்தனானோ?

மச்சானுக்கு அந்தத் துண்டெல்லாம் கணக்கில்லை. உரிச்செடுத்துப்போட்டு, கேம் விளையாட வந்த ஆளுக்கு மெல்லிசு எழுபது ஒண்டைத் தள்ளிவிட்டார். மிஞ்சினது மூண்டு. ஒரு கிழமைகூட ஆகேல்லை, வாங்கின ஆள் அதைக் கொண்டுவந்து, மடியிலை வைக்க ஏலாமல் கிடக்கெண்டு திருத்திற மேசையிலை வைச்சுப்போட்டு மாத்தித் தரச் சொல்லி நிண்டார். திரும்பவும் நாலு. நான் கவர்களுக்கு நடுவிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். ரியாஸ் நானா அதைத் தொட்டுப் பாத்துட்டு, கடை முழுக்கக் கேக்கச் சொன்னார்: "தங்கச்சி, எழுபது ஒண்டு கொதிச்சு வந்திருக்கு, தேத்தண்ணிக்கு வேறை தண்ணி வைக்கோணுமோ?"

அந்தப் பிள்ளை இல்லையோ?

பிறகொரு நாள் சாவகச்சேரி ஐயா திரும்ப வந்தார். தன்ரை தங்கச்சியின்ரை மகனுக்கு லப்டொப் வேணுமெண்டு அவையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மச்சான் ஓடிப்போய், "வாங்கோ ஐயா, எழுபது இருக்கு" எண்டார். ஐயா நிக்கேல்லை. நேரை நானாவிட்டைப் போனார். எனக்குச் சீ எண்டு போச்சுது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கவரை அடுக்கினன். அப்ப ஐயா சொல்லுறது கேட்டுது: "தம்பி, போன முறை நீர் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிள்ளையைத் திரும்பிப் பாத்துப் பாத்துத்தான் மறுமொழி சொன்னனீர். அந்தப் பிள்ளை இல்லையோ?"

நானா கவர் பக்கம் கையைக் காட்டினார். ஐயா குடும்பத்தோடை என்னட்டை வந்தார். "நீர் தெரிஞ்செடுத்த சாமான் ஒரு பிழையுமில்லாமல் ஓடுது பிள்ளை. அண்டைக்கு நான்தான் விசர்க்கதை கதைச்சிட்டன்" எண்டார். கையிலை இருந்த கவரைக் கீழை வைச்சன். முதலாளிக்குக் கேக்கிற மாதிரி உரத்துச் சொன்னன்: "கேம் மேசை இப்ப என்ரை இல்லை ஐயா. இஞ்சை கவர்தான்." ஐயா அசையேல்லை. "அப்ப கவரோடை நிண்டே சொல்லும், நாங்களும் நிண்டே கேக்கிறம்" எண்டார். சொன்னன். அறுபதுக்கும் எழுபதுக்கும், மெல்லிசுக்கும் தடிப்புக்கும், எல்லாத்துக்கும் சொன்னன். லப்டொப் பாக்க வந்த வேறை ரெண்டு பேரும் வந்து பின்னாலை நிண்டினம். மச்சான் ஆக்கள் இல்லாத மேசையிலை கையூண்டிக்கொண்டு நிண்டார்.

முதலாளி இதையும் உள்ளுக்கு இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தவர். அடுத்த நாள் நான் போகேக்கை, அவரும் மச்சானும் அந்தக் கேம் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு வந்து, கவர் பக்கத்திலை, நான் நிக்கிற இடத்துக்கு முன்னாலை வைச்சினம். "திரும்பி வா" எண்டு ஒரு சொல் அவரின்ரை வாயிலை வரேல்லை, நானும் எதிர்பாக்கேல்லை. வேர்வையைத் துடைச்சுப்போட்டு, கூரையைப் பாத்துக்கொண்டு முதலாளி சொன்னார்: "வெளிச்சம் இஞ்சைதான் நல்லாயிருக்கு."

அந்த நாலு எழுபதும் இன்னும் கண்ணாடி அலுமாரிக்குள்ளைதான் கிடக்குது; தூசு தட்டுறது நான்தான், ஆனால் அதிலை நான் திரும்ப ஒட்டின துண்டைக் கிழிக்க இப்ப ஒருத்தரும் அந்தப் பக்கம் வாறேல்லை.