தண்டம் கட்டிய தண்ணீர்

நீதவான் ஒரு தரம் தண்டம் போட்டால் ஆலைக் கழிவு அன்றைக்கே நின்றுவிடும் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. தலை நரைத்து, கல்முனையில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை வைத்த பிறகு. சைக்கிளில் லைட் இல்லாமல் போய் ஒருமுறை தண்டம் கட்டியதிலிருந்து பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள் நான். எல்லாரும் என்னைப் போலவே பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துவிட்டேன்.

நிந்தவூரில் எங்கள் வீடு இருக்கும் சின்னச் சந்தான ஒழுங்கைக்கு மேற்கே வாய்க்கால் ஓரமாக ஒரு நெல் ஆலை இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவித்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். எங்களுடையது மணல் நிலம். வாய்க்காலில் ஓடுவது கொஞ்ச நாளில் கிணற்றுக்கும் வந்து சேரும். ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் புளித்த கஞ்சி போல மணக்கத் தொடங்கின. குளித்துவிட்டுக் கடைக்குப் போனால், "என்ன காக்கா, காலையில பழஞ்சோறா?" என்று சாமான் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆலைக்காரர் என் மனைவியின் மூத்த சகோதரர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே நான் படுக்கும் கட்டில், சாயும் சுவர், குளிக்கும் கிணறு எல்லாமே மனைவியுடையவை. அந்த வீட்டில் இருந்துகொண்டு அவளுடைய காக்காவை, கூடப்பிறந்த அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறவனுக்குச் சோறு கிடைக்குமா? கிணற்றைத் திட்டாமல் அவளுக்கும் ஒரு நாள் விடிந்ததில்லை. ஆனால் திட்டு கிணற்றோடு நிற்கும். ஆலை வரைக்கும் போகாது.

கடைசியில் கடையின் பின்பக்கம் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே குந்தி, வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு சுற்றாடல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். குரலைத் தடிப்பாக்கி எல்லா விவரமும் சொன்னேன். மறுபக்கத்து அதிகாரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "சரி ஹார்ட்வெயார் காக்கா, நாங்க வந்து பாக்கிறம். என்ன, தடிமனா, தொண்டை கட்டியிரிக்கி?" என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். போத்தலில் தண்ணீர் பிடித்தார்கள். வழக்கு வந்தது, மச்சான் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். நான் அன்றைக்குச் சாயங்காலமே கிணற்றடியில் நின்று மூக்கை விரித்து இழுத்துப் பார்த்தேன். அதே பழஞ்சோறு. விஷயம் அறிய ஆலைக்குப் போனால், வியாபார உரிமப் பத்திரத்துக்குப் பக்கத்தில் தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதென்ன மச்சான்?"

"கோட்டுல காசு கட்டியாச்சு. இனி ஆரும் வந்து கதைச்சா இதக் காட்டுவன்."

"அது செஞ்ச பிழைக்குத்தானே கட்டின?"

"ரோட்டு வரி கட்டினா வாகனம் ஓடலாம் தானே? இதும் அப்படித்தான். ஒரு தொட்டி கட்டுற காசுக்கு எத்தின போகத்துக்குத் தண்டம் கட்டலாம் தெரியுமா ஒங்களுக்கு?"

கணக்கு சரியாக இருந்ததுதான் எனக்குக் கஷ்டம். டீசல், சாக்கு, கூலி என்று போகும் செலவில் தண்டமும் ஒன்றாகிவிட்டது. அடுத்த போகத்திலும் பிடிபட்டார். நீதவான் தண்டத்தைக் கூட்டினார். மச்சான் அரிசி விலையைக் கூட்டினார். அந்த அரிசியைத்தான் எங்கள் ஒழுங்கையே வாங்கித் தின்றது. கிணற்றையும் கொடுத்து, தண்டத்தையும் நாங்களே கட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் தண்டத்துக்குப் பிறகு மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நம்மட ஆள் ஒருத்தன்தான் போன் எடுத்திரிக்கான். ஒங்கட கடைக்கு நாலு பேர் வந்து போறாங்க. ஆரெண்டு கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க மச்சான்."

என்னைத் தேடிப் பிடிக்கும் வேலையை என்னிடமே தந்துவிட்டார். நானும் பொறுப்பாகத்தான் தேடினேன். ஒவ்வொரு ஜும்ஆ முடிந்தும் பள்ளிவாசல் கேற்றடியில் நின்று, "இன்னும் ஆள் அம்பிடல்ல மச்சான்" என்று அறிக்கை கொடுத்தேன். அவருக்கு முன்னால் என் போன் அடித்தால் அதையும் எடுத்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினேன். "சீனி கூடிட்டோ தெரியா, போய் ரத்தத்த செக் பண்ணுங்க" என்றாள் மனைவி.

இப்படி இருக்கையில் மச்சானின் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. அவளுக்கென்று எங்கள் ஒழுங்கையில்தான் மாடிவீடு கட்டியிருந்தார். மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற வீடு என்பதால் மாப்பிள்ளையின் உம்மா பெண்களோடு பார்க்க வந்தார். மாபிள் தரையைப் பார்த்தார், மாடிக்கு ஏறினார், குசினியைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். மச்சான் முகத்தில் பெருநாள் வெளிச்சம். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அந்த அம்மா கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். ஒரு கை தண்ணீர் அள்ளியவர் அதை மூக்கருகில் கொண்டுபோய், மெதுவாகக் கீழே விட்டார்.

"தண்ணி மணக்குதே."

மச்சான் ஓடிவந்தார். "உள்ளுக்க பைப் தண்ணி இரிக்கி, வாங்க."

"பைப் வராத நாளைக்கு என்ட மகன் எங்க ஒளு எடுக்கிற? ஒங்கட மில்லுலயா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்பு போலத்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊட்டில ஒரு குறையும் இல்ல," என்றார் அந்த அம்மா. "ஆனா அவன் ஹயாத்துக்கும், உசிர் இரிக்கும் மட்டும், இரிக்கப்போற இடம். தண்ணியத் திருத்திப்போட்டுச் சொல்லி அனுப்புங்க. பொறகு நாள் பாப்பம்."

அதற்குக் காட்ட மச்சானிடம் பற்றுச்சீட்டு ஏதும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நான் கடை திறக்கப் போனபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பூட்டைத் திறக்காமலே நான் பேச்சைத் தொடங்கினேன்.

"மச்சான், அந்த போன் விஷயம்..."

"எந்த போன்? அத விடுங்க. சீமெந்து எத்தின மூட்டை இரிக்கி? தொட்டிக்குக் கம்பி எவ்வளவு போகும்?"

பயத்தில் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

மூன்று தொட்டிகள் கட்டினார். ஆலைத் தண்ணீர் இப்போது அவற்றில் தேங்கித் தெளிந்த பிறகுதான் வாய்க்காலுக்குப் போகிறது. ஒழுங்கைக் கிணறுகளை எல்லாம் இறைத்தோம். மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு மணம் போயிற்று. மாப்பிள்ளையின் உம்மா இன்னொரு தரம் வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒளு எடுத்தார். நாள் குறித்தார்கள், நிக்காஹ் நடந்தது.